சாவி கொடுக்கும் முன் விசாரிப்பது: வேலூர் லாட்ஜ் அனுபவம்

வேலூரில் தோட்டப்பாளையம், காந்தி ரோடு, பாபுராவ் தெரு பக்கம் லாட்ஜ் நடத்துகிறவர்களிடம் வந்து தங்குகிறவர்களில் ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் குறைவு. மேற்கு வங்காளம், அசாம், ஜார்க்கண்ட், திரிபுரா, பங்களாதேஷ் என்று எங்கெங்கிருந்தோ கிளம்பி, காட்பாடியில் ரயிலிறங்கி, சி.எம்.சி.யில் வைத்தியம் பார்க்க வருகிறவர்கள்தான் அதிகம். கையில் பழைய ரிப்போர்ட் நிறைந்த ஃபைல், பையில் ஆபரேஷனுக்குச் சேர்த்த பணம். நிலத்தை அடமானம் வைத்த காசாக இருக்கும், மாட்டை விற்ற காசாக இருக்கும். தமிழ் தெரியாது. நோயாளி கட்டிலில் படுத்திருக்க, கூட வந்தவர் விடிகாலையிலேயே ஆஸ்பத்திரி வரிசைக்குப் போய்விடுவார். அந்த அறைக்கு இன்னொரு சாவி எங்கள் ரூம்பாயிடம் இருக்கும். அந்த ரூம்பாய் யார், எங்கிருந்து வந்தவர், முன்பு எங்கே இருந்தார் என்று தெரிந்துகொண்டு சாவியைக் கொடுப்பது லாட்ஜ் நடத்துகிறவரின் முதல் கடமை என்று நான் நினைக்கிறேன்.

எங்கள் லாட்ஜ் என் மாமனார் கட்டியது. அப்போது இது வடாற்காடு அம்பேத்கர் மாவட்டம். பழைய ரசீதுப் புத்தகங்களில் இன்னும் அந்தப் பெயர்தான் இருக்கிறது. மாமாவுக்கு முடியாமல் போனதும் கணக்கு, ஆள் எடுப்பது, சாமான் வாங்குவது எல்லாம் என் பொறுப்புக்கு வந்தது. ஆள் எடுப்பதில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன் என்று சொந்தக்காரர்களே கேட்டிருக்கிறார்கள். மேற்கு வங்காளத்து மால்டாவிலிருந்து வந்த அந்தக் குடும்பத்தை அவர்கள் பார்க்கவில்லை.

அப்பாவும் மகனும். அப்பாவுக்கு இருதயத்தில் கோளாறு. கிளம்பும்போது வீட்டில் உள்ள அம்மா, பணத்தைத் துணிப்பையில் முடிந்து, பொரி டப்பாவின் அடியில் வைத்து, மேலே பொரியைக் கொட்டி அனுப்பியிருந்தார். ரயிலில் யாரும் அதைத் தொடமாட்டார்கள் என்ற நம்பிக்கை. ரயிலில் யாரும் தொடவும் இல்லை. அட்மிஷனுக்குக் கட்டவேண்டிய நாள் காலையில், அறையில் டப்பாவைத் திறந்து கையை விட்டுத் துழாவினார் மகன். பொரி மட்டும்தான் வந்தது. எடுத்தவன் டப்பாவை மூடி, பொரியைச் சமமாகத் தட்டி, இருந்த இடத்திலேயே வைத்திருந்தான். முதல் நாள் அவர்கள் பணத்தை எண்ணியபோது அறையைப் பெருக்கிக்கொண்டிருந்த ரூம்பாய், அன்று சாயங்காலம் டீ குடிக்கப் போனவன், திரும்பி வரவில்லை.

மகன் சத்தம் போடவில்லை. "தீதி, பாபாகிட்ட சொல்லாதீங்க" என்று உடைந்த இந்தியில் திரும்பத் திரும்ப அதையே சொன்னார். மாமா தன் கையிலிருந்து கொஞ்சம் கொடுத்தார், தெருவில் உள்ள பெங்காலி மெஸ்காரர் கொஞ்சம் புரட்டிக் கொடுத்தார். ஆபரேஷன் தள்ளிப்போய்த்தான் நடந்தது. போலீசில் புகார் கொடுத்தோம். போன பணத்தில் பாதிகூடத் திரும்பவில்லை.

அந்தப் பையன் வேலைக்கு வரும்போது சும்மா வரவில்லை. வேறொரு லாட்ஜின் லெட்டர்ஹெட்டில் "நேர்மையானவர், கடின உழைப்பாளி" என்று எழுதி, முத்திரை குத்திய சிபாரிசுக் கடிதத்தோடு வந்தான். சம்பவத்துக்குப் பிறகு அந்த லாட்ஜுக்கு நானே போன் செய்தேன். பையன் பெயரைச் சொன்னதும் அந்தப் பெரியவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "அங்கேயும் எடுத்துட்டானாம்மா?"

பிறகு அவரே விவரம் சொன்னார். "எங்ககிட்ட கெஸ்ட் போன் ஒண்ணு காணாமப் போச்சு. அவன்தான்னு தெரிஞ்சுபோச்சு. போலீசு, கோர்ட்டுன்னு யாரும்மா அலையறது? வயசுப் பையன், வாழ்க்கை கெட்டுடக் கூடாதுன்னு நல்லவிதமா எழுதிக் குடுத்து அனுப்பிட்டோம்." அவர் கெட்டவர் இல்லை. இரக்கப்பட்டுத்தான் செய்தார். ஆனால் அவருடைய இரக்கத்துக்கான விலையை மால்டாவில் மாடு விற்ற ஒரு குடும்பம் கொடுத்தது. நம் ஊரில் கடை, லாட்ஜ், ஹாஸ்டல், மண்டி எங்கே பார்த்தாலும் இதே கதைதான். திருடியவனைச் சத்தமில்லாமல் அனுப்பிவிடுகிறோம். அவன் நாம் கொடுத்த கடிதத்தோடு அடுத்த தெருவில் ஏறுகிறான்.

இதனால்தான் போலீஸ் சரிபார்ப்பு ஒன்று மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்வதில்லை. புகாரே கொடுக்காத திருட்டு எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. அந்தப் பையனுக்கு அன்று போலீஸ் சரிபார்ப்பு செய்திருந்தால் "எந்த வழக்கும் இல்லை" என்றுதான் வந்திருக்கும். உண்மை இருந்தது ஒரே ஒரு இடத்தில், பழைய முதலாளியின் வாயில்.

ஆகவே நான் முதலில் செய்வது பழைய இடத்துக்குப் பேசுவது. அதிலும் ஒரு கவனம் வேண்டும். வந்தவர் எழுதிக் கொடுக்கும் நம்பருக்கு நான் பேசுவதில்லை. அந்த நம்பரில் மாமாவோ மச்சானோ முதலாளி வேஷத்தில் இருக்கலாம். கடையின் பெயரை வைத்து கூகுள் மேப்பில் தேடுவேன், அல்லது போர்டில் உள்ள நம்பரை எடுப்பேன், அல்லது அந்தத் தெருவில் எனக்குத் தெரிந்த ஒருவரிடம் கேட்பேன். வேலூர் பெரிய ஊர் இல்லை. இரண்டு பேரைக் கேட்டால் மூன்றாமவர் அந்த முதலாளிக்குச் சொந்தக்காரராக இருப்பார். ஆம்பூர், ராணிப்பேட்டை என்றால் கொஞ்சம் சிரமம், ஆனாலும் கிடைத்துவிடும்.

"ஆள் எப்படி?" என்று கேட்டால் "நல்ல பையன்" என்று பதில் வரும், அதோடு பேச்சு முடிந்துவிடும். அதனால் நான் கேட்கும் கேள்விகள் வேறு. எந்த மாசம் சேர்ந்தார், எந்த மாசம் நின்றார்? என்ன வேலை கொடுத்தீர்கள்? கல்லாவில் உட்கார வைத்தீர்களா, சாவி கொடுத்தீர்களா? நின்றது அவராகவா, நீங்கள் சொல்லியா? கடைசியாக ஒன்று: "நாளைக்கே அவர் திரும்பி வந்தால் சேர்த்துக்குவீங்களா?" இந்தக் கேள்விக்கு "கண்டிப்பா" என்று உடனே வந்தால் நிம்மதி. "அது... இப்ப ஆளு போதும்மா" என்று இழுத்தால் அந்த இழுப்பிலேயே பதில் இருக்கிறது. அப்போது நான் சண்டை போடாமல் சொல்வேன்: "ஐயா, எங்ககிட்ட தங்கறவங்க எல்லாம் நோயாளிங்க. நீங்க சொல்றது வெளியே போகாது." பெரும்பாலும் அதற்குப் பிறகு விஷயம் வந்துவிடும்.

தேதிகளைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஒருவர் மூன்று வருஷம் ஒரே இடத்தில் இருந்தேன் என்பார். பழைய முதலாளி ஒன்றரை வருஷம் என்பார். மீதி ஒன்றரை வருஷம் எங்கே? சில சமயம் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் ஊரில் இருந்திருப்பார், அதைச் சொல்லக் கூச்சம். சில சமயம் சொல்ல விரும்பாத இன்னொரு இடம் நடுவில் இருக்கும். பி.எஃப். பிடிக்கிற பெரிய நிறுவனத்தில் வேலை பார்த்தவர் என்றால் அவருடைய யு.ஏ.என். என்ற பி.எஃப். கணக்கிலேயே எந்தெந்த நிறுவனம், எந்தத் தேதி என்று இருக்கும். அதை அவரையே அவர் போனில் திறந்து காட்டச் சொல்வேன். பாஸ்வேர்டு, ஓ.டி.பி. எதையும் நான் கேட்பதில்லை, யாரும் கேட்கவும் கூடாது.

அடுத்தது அடையாளம். ஆதார் ஜெராக்ஸை வாங்கி ஃபைலில் போட்டுவிட்டால் சரிபார்த்துவிட்டதாக நம்மில் பலர் நினைக்கிறோம். கலர் பிரிண்ட்டில் பெயரையும் போட்டோவையும் மாற்றுவது ஒரு டி.டி.பி. கடைக்காரருக்குப் பத்து நிமிட வேலை. மாற்ற முடியாதது அதிலுள்ள க்யூஆர் கோடு, ஏனென்றால் அதற்குள் இருக்கும் விவரம் ஆதார் ஆணையத்தின் டிஜிட்டல் கையொப்பத்தோடு வருகிறது. அந்த ஆணையத்தின் செயலியில் ஸ்கேன் செய்தால் உண்மையான பெயரும் படமும் திரையில் தெரியும். இரவு வாட்ச்மேன் வேலைக்கு வந்த ஒருவர் கொடுத்த அட்டையை நான் இப்படி ஸ்கேன் செய்தபோது, அட்டையில் ஒரு முகம், திரையில் வேறு முகம். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் எண்ணை மட்டும் போட்டும் பார்க்கலாம். வயது வரம்பு, ஆணா பெண்ணா, மாநிலம், இணைத்த போன் நம்பரின் கடைசி மூன்று இலக்கம் வரும். ஆதார் கொடுக்க விருப்பமில்லை என்றால் வாக்காளர் அட்டையோ டிரைவிங் லைசென்ஸோ போதும், அதையும் அந்தந்த அரசுத் தளத்தில் பார்க்கலாம்.

இங்கே எங்கள் ஊருக்கே உரிய ஒரு குழப்பத்தைச் சொல்ல வேண்டும். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் எல்லாம் ராணிப்பேட்டை மாவட்டம். ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூர் மாவட்டம். பழைய அட்டையில் "ஆம்பூர், வேலூர் மாவட்டம்" என்று இருந்தால் அது பொய் இல்லை. இதைத் தெரியாமல் ஒரு நல்ல ஆளை அட்டை சரியில்லை என்று திருப்பி அனுப்பிய கடைக்காரரை எனக்குத் தெரியும். வழக்கு ஏதும் உண்டா என்று தேடும்போதும் இதை மனதில் வைத்து பக்கத்து மாவட்டங்களையும் சேர்த்துத் தேடுகிறேன்.

போலீஸ் சரிபார்ப்பு மட்டும் போதாது என்றேனே தவிர, வேண்டாம் என்று சொல்லவில்லை. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் 2018 முதல் இந்தச் சேவை இருக்கிறது. வேலைக்கு எடுப்பவர், வாடகைக்கு வருபவர், வீட்டு வேலை செய்பவர், தன்னையே சரிபார்த்துக்கொள்ள விரும்புபவர் என்று தனித்தனிப் பிரிவு உண்டு. தொடங்கியபோது தனிநபருக்கு 500 ரூபாய், தனியார் நிறுவனத்துக்கு 1000 ரூபாய் என்று கட்டணம் வைத்தார்கள். சம்பந்தப்பட்டவரின் சம்மதம் வேண்டும். கட்டணத்தை நான்தான் கட்டுகிறேன். வேலை தேடி வந்தவர் தலையில் அதைக் கட்டுவது நியாயம் இல்லை. இதில் எனக்குக் கிடைக்கும் பெரிய பலன் சான்றிதழைவிட வேறு ஒன்று. "போலீஸ் சரிபார்ப்புக்குக் கொடுப்போம், சம்மதமா?" என்று கேட்கும்போதே சிலர் மறுநாள் வருவதில்லை. ஆனால் நமக்கு இருபது முப்பது கிலோமீட்டரில் ஆந்திரா. சித்தூரில் ஒருவர் மேல் வழக்கு இருந்தால் இங்குள்ள பதிவில் அது தெரியும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது. வெளிமாநிலத்துக்காரர் என்றால் அவர் ஊர் காவல் நிலையத்திலிருந்து சான்று கேட்கிறேன்.

நீதிமன்ற வழக்குகளை இ-கோர்ட்ஸ் தளத்தில் யார் வேண்டுமானாலும் பெயரைப் போட்டுத் தேடலாம், செயலியும் உண்டு, காசு இல்லை. ஆனால் நம் பெயர்களை வைத்துத் தேடுவது எளிதல்ல. குமார், மணி, சரவணன் என்று தேடினால் பக்கம் பக்கமாக வரும். தகப்பனார் பெயர், வயது, ஊர் மூன்றும் ஒத்துப்போகாமல் எந்த முடிவுக்கும் வரக்கூடாது. ஒத்துப்போனாலும் வழக்கு என்ன என்று படிக்க வேண்டும். பங்காளிச் சண்டை, வரப்புத் தகராறு, ஜீவனாம்சம் எல்லாம் கிராமத்தில் பாதிப் பேருக்கு இருக்கும். என் லாட்ஜின் சாவிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நடக்கிற வழக்கு தண்டனையும் ஆகாது.

தண்டனையே பெற்றவராக இருந்தால்? எங்கள் தோட்டத்தையும் தண்ணீர் மோட்டாரையும் பார்த்துக்கொள்கிறவர் தொரப்பாடி மத்திய சிறையில் இருந்து வந்தவர். முதல் நாளே அதைச் சொல்லிவிட்டார். இளம் வயதில் அடிதடி வழக்கு. திருட்டு இல்லை, ஏமாற்று இல்லை. சேர்த்துக்கொண்டேன், இன்றுவரை அவரால் ஒரு குறையும் இல்லை. விசாரிப்பதன் நோக்கம் ஆட்களைக் கழிப்பது என்று நினைத்தால் அவருக்கு எங்கேயும் வேலை கிடைத்திருக்காது. யாருக்கு எந்த வேலை தரலாம், யார் கையில் எதைக் கொடுக்கக் கூடாது என்று தெரிந்துகொள்ளத்தான் விசாரிக்கிறோம்.

வீட்டுக்கும் போய்ப் பார்ப்பேன், அணைக்கட்டு, ஒடுகத்தூர், குடியாத்தம் எதுவாக இருந்தாலும். சந்தேகப்பட்டு அல்ல, "உங்க பையன் எங்ககிட்ட வேலைக்கு வர்றான்" என்று சொல்லிவிட்டு வர. அம்மாவோ பெண்சாதியோ நம்மைப் பார்த்திருந்தால் பையனுக்கும் ஒரு பயபக்தி இருக்கும். பக்கத்துப் பெட்டிக்கடையில் ஒரு டீ குடித்தால் முகவரி உண்மையா, குடும்பம் அங்கேதான் இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். சாதி, மதம் நான் கேட்பதில்லை. யாராவது தானாகச் சொன்னாலும் நான் எழுதுவதில்லை. எங்களிடம் போன பணம் எல்லாம் "நம்ம ஆளுங்க" என்று சிபாரிசில் வந்தவர்கள் எடுத்ததுதான். தெரியாத ஊர்க்காரர் எடுத்ததில்லை. ஆகவே சொந்தக்காரப் பையனுக்கும் இதே விசாரணைதான். என் அக்கா மகனுக்குச் செய்தபோது வீட்டில் பேச்சு எழுந்தது. எல்லோருக்கும் ஒரே விதி என்றால்தான் வெளியாளும் அவமானமாக நினைக்கமாட்டார்.

2021 டிசம்பரில் எங்கள் தோட்டப்பாளையத்திலேயே ஒரு நகைக்கடையின் சுவரில் துளை போட்டுக் கிலோ கணக்கில் தங்கத்தை எடுத்துப் போனார்கள். போலீஸ் அதை ஒடுகத்தூர் சுடுகாட்டில் தோண்டி மீட்டது ஊருக்கே தெரியும். அதற்குப் பிறகு தெருவில் எல்லோரும் கேமராவும் கனமான பூட்டும் வாங்கினோம். நல்லதுதான். ஆனால் சுவரை உடைத்து வருகிறவன் எங்கோ ஒருவன். சம்பளம் வாங்கிக்கொண்டு கதவைத் திறந்து உள்ளே போகிறவரைப் பற்றி எத்தனை பேர் ஒரு போன் செய்து கேட்டோம்? வெளிநாட்டுக்காரர் ஒருவர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசுத் தளத்தில் ஏற்ற வேண்டும். பாஸ்போர்ட், விசா எல்லாம் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து ஏற்றுகிறோம். படுக்கையில் கிடக்கிற நோயாளியிடம் அத்தனை கேள்வி கேட்கிற நாம், அவர் அறைக்குச் சாவி வைத்திருப்பவரிடம் ஒன்றும் கேட்காமல் விடலாமா?

வேலையாட்கள் மட்டும் இல்லை. சாமான் விற்க வருகிறவர், காண்ட்ராக்ட் எடுக்கிறவர், புக்கிங் செய்கிறவர் என்று ஏமாற்று பல வழியில் வரும். சோலார் ஹீட்டர் போட்டுத் தருவதாக ஒருவர் வந்தார். நல்ல சட்டை, கம்பெனி பெயர் போட்ட பை, விலையும் குறைவு. பாதிப் பணம் அட்வான்ஸ் கேட்டார். கொட்டேஷனில் இருந்த ஜி.எஸ்.டி. எண்ணைப் பார்த்தேன். 15 எழுத்து. முதல் இரண்டு மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அதற்கடுத்த 10 எழுத்து பான் எண். பானின் நாலாவது எழுத்து யார் என்பதைச் சொல்லிவிடும்: கம்பெனி என்றால் 'சி', பார்ட்னர்ஷிப் என்றால் 'எஃப்', தனி ஆள் என்றால் 'பி' (P). கொட்டேஷனில் "பிரைவேட் லிமிடெட்" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. எண்ணில் 'பி' இருந்தது. ஜி.எஸ்.டி. தளத்தில் எண்ணைப் போட்டுத் தேடினேன், பதிவு ரத்து என்று வந்தது. அவர் எதிரிலேயே போனைத் திருப்பிக் காட்டினேன். "அது ஆடிட்டர் பாத்துக்கிறாரு மேடம்" என்றார். "அவரு பாத்து முடிச்சதும் வாங்க சார்" என்றேன். பிறகு வரவில்லை. கம்பெனி என்றால் மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்திலும் பெயரைத் தேடலாம். செக்யூரிட்டி ஏஜென்சியிலிருந்து ஆள் எடுத்தால், 2005ஆம் வருஷச் சட்டப்படி அவர்களுக்கு லைசென்ஸ் வேண்டும், காவலாளியின் பின்னணியை அவர்களே சரிபார்த்திருக்கவும் வேண்டும். இரண்டுக்கும் காகிதம் கேளுங்கள்.

லாட்ஜ்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ராணுவ அதிகாரி என்று சொல்லி, யூனிஃபார்ம் போட்ட அடையாள அட்டையை வாட்ஸப்பில் அனுப்பி, பத்து ரூம் ஒரே நேரத்தில் புக் செய்வார்கள். பேச்சு மரியாதையாக இருக்கும். அட்வான்ஸ் அனுப்புகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள் என்பார்கள். பணம் வாங்க யு.பி.ஐ. பின் தேவையே இல்லை. பின் போட்டால் நம் கணக்கிலிருந்து போகும். என் வரவேற்பு மேஜைக் கண்ணாடியின் அடியில் இதை எழுதி வைத்திருக்கிறேன். அட்டையில் உள்ள படம் எத்தனை பேரை ஏமாற்றச் சுற்றிய படமோ தெரியாது, அந்த முகத்துக்குரியவருக்கும் பாவம் தெரிந்திருக்காது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குப் போன் செய்ய வேண்டும்.

சேர்க்கும்போது நல்லவராக இருந்தவர் அப்படியே இருப்பார் என்பதும் நிச்சயம் இல்லை. லோன் ஆப் கடன், ஆன்லைன் ரம்மி, வட்டிக்கு வாங்கியது என்று நல்ல பையன்களும் சிக்கிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். வேலை நேரத்தில் யார் யாரோ போன் செய்து மிரட்டுகிறார்கள், சம்பளத்தை மாசம் பிறக்கும் முன்பே கேட்கிறார், லீவே எடுக்கமாட்டேன் என்கிறார் என்றால் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்பேன். லீவு எடுக்காத கேஷியரைப் பற்றி மாமா எப்போதும் ஜாக்கிரதையாக இருப்பார். அவர் இல்லாத நாளில் கணக்கை வேறு யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவும் ஒருவர் லீவு எடுக்காமல் இருக்கலாம். இப்போது எங்களிடம் கல்லா பார்ப்பவர் எல்லோரும் வருஷத்தில் ஒரு வாரம் கட்டாயம் லீவு. சாவி கொடுக்கவும் வாங்கவும் நோட்டில் நேரமும் கையெழுத்தும். அறையைப் பெருக்க இருவராகப் போவது. விருந்தினர் பெரிய தொகை கொண்டு வந்திருந்தால் வங்காள மொழியிலும் இந்தியிலும் எழுதிய அறிவிப்பைக் காட்டி, ஆஸ்பத்திரியில் உடனே கட்டிவிடச் சொல்வது. இவ்வளவும் சேர்ந்தால்தான் விசாரித்ததற்குப் பலன்.

வாங்கிய காகிதங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிறருடைய ஆதார், போட்டோ, வீட்டு முகவரி நம் மேஜை டிராயரில் கிடந்தால் அதுவே இன்னொரு ஏமாற்றுக்கு விதை. ஒவ்வொரு ஜெராக்ஸின் குறுக்கேயும் "லாட்ஜ் வேலைக்காக மட்டும்" என்று தேதியோடு எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்குகிறேன். எந்தெந்த விவரத்தைச் சரிபார்ப்போம் என்று தமிழில் ஒரு சம்மதக் கடிதம் உண்டு. படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டுவோம். தனிநபர் தகவல் பாதுகாப்புக்கு 2023இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. வேலைக்கு எடுக்காதவருடைய காகிதத்தை அவர் கண் முன்னால் கிழித்துக் கொடுத்துவிடுவேன். அசல் சர்டிபிகேட்டை வாங்கிப் பூட்டி வைக்கும் வழக்கம் சில கடைகளில் இருக்கிறது. அது விசாரணை இல்லை, பிணை பிடிப்பது. அதை நான் ஏற்கமாட்டேன்.

இத்தனைக்கும் மீறித் திருட்டு நடந்தால் புகார் கொடுக்கத் தயங்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், வேலையாள் முதலாளியின் பொறுப்பில் உள்ள பொருளைத் திருடுவதற்கு 306ஆம் பிரிவு தனியாகவே இருக்கிறது, ஏழு ஆண்டு வரை தண்டனை. எஃப்.ஐ.ஆர். நகல் புகார்தாரருக்கு இலவசமாகத் தரவேண்டும். ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் எஸ்.பி.க்கு எழுத்தில் அனுப்பலாம். ஆனால் ஆளைப் பிடித்து வைத்து அடிப்பது, போட்டோ எடுத்து வாட்ஸப் குரூப்பில் "திருடன்" என்று போடுவது இரண்டும் கூடாது. சந்தேகம் தப்பாக இருந்தால் ஒரு மனிதரின் மானம் போய்விடும். நமக்கு நேரில் தெரிந்ததை மட்டும், கேட்பவர் காதில் மட்டும் சொல்ல வேண்டும்.

இப்போது என்னிடம் வேலை பார்த்துப் போனவரைப் பற்றி யாராவது போன் செய்தால், நானும் அப்படித்தான் பதில் சொல்கிறேன். வேலையில் நல்லவர் என்றால் அதைச் சொல்வேன். கல்லாவில் கணக்கு குறைந்தது என்றால் எந்த மாசம், எவ்வளவு என்று அதையும் சொல்வேன். போன மழைக்காலத்தில் காட்பாடியில் மாணவர் ஹாஸ்டல் நடத்துபவர் ஒருவர், எங்களிடம் இருந்து போன பையனைப் பற்றிக் கேட்டார். "சமையல் கட்டுல விடுங்க சார், கை ருசி அருமை. பணம் மட்டும் அவன் கையில வேண்டாம்" என்றேன். அவர் அப்படியே செய்திருக்கிறார். காய்கறி வாங்குவதற்கு வேறு ஆள் போகிறார். பையன் இரண்டு வேளை சமைக்கிறான், சம்பளம் வாங்குகிறான்.